மாடிக்கு ஒரு ரவுட்டர்

கொழுந்தன் கையில் ஒரு பெட்டியோடு வாசலில் செருப்பைக் கழற்றியபோது மூத்தவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பெட்டியின் மேல் எட்டுக் கொம்பு முளைத்த ஒரு ரவுட்டரின் படம். அதன் கீழே கொட்டை எழுத்தில் ஆறாயிரம் என்று ஓர் எண்.

"மாடிக்குத் தனியா ஒரு லைன் இழுத்துடலாம்னு இருக்கோம் அண்ணி. நாளைக்கு நெட்காரர் வர்றார்," என்றான், ஏதோ கொசுவத்தி வாங்கி வந்தவன் மாதிரி.

தனி லைனாமே. கீழே மூத்தவளும் அவள் கணவனும், மாடியில் கொழுந்தனும் அவன் மனைவி இளையவளும் என்று ஏழு வருஷம் ஓடிவிட்டது. தூங்குவதுதான் இரண்டு இடம். சமையல் ஒன்று, துணி காயும் கொடி ஒன்று, சண்டை வந்தால் அதற்கும் கூடம் ஒன்றுதான். இன்றைக்குத் தனி லைன் என்பார்கள், நாளைக்குத் தனி அடுப்பு என்பார்கள், அப்புறம் மாடிப்படிக்குக் கதவு போடுவார்கள். பிள்ளைகுட்டி இல்லாத மூத்தவளுக்கு ராத்திரி நாலு பேரும் ஒரே மேஜையில் சாப்பிட உட்காருவதுதான் வீடு. அது போய்விடுமோ என்ற பயத்தில் அன்று ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். இருபது வருஷத் தையல்காரிக்கு இது பெரிய வெட்கக்கேடு.

இளையவளைக் குற்றம் சொல்லவும் வாய் வரவில்லை. மாடியறையில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்காக வாடிக்கையாளர்களிடம் பேசுவது அவள் வேலை. நெட் திக்கி, பேச்சு பாதியிலேயே அறுந்துபோகும். உடனே மேலதிகாரி கூப்பிட்டு அவளை வாங்கு வாங்கென்று வாங்குவான். ரவுட்டருக்கு ஸ்பீடு பத்தவில்லை என்று கொழுந்தன் கண்டுபிடித்துவிட்டான். எவன் சொன்னானோ.

மறுநாள் நெட்காரர் வந்தார். நரைத்த மீசை, தோளில் ஏணி. புதுப் பெட்டியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்கு வர்ற லைனோட ஸ்பீடே நூறுதான் சார். இது ஆறாயிரம் தாங்கும்னா தாங்கிட்டுப் போகட்டும். வர்றது நூறுதானே."

கொழுந்தனின் முகம் தொங்கிப்போனது.

"அந்த நூறாவது எங்களுக்குப் பத்துமா?" என்று கேட்டாள் மூத்தவள்.

"பாத்துடுவோம்மா. இருக்கறதை எல்லாம் ஒண்ணாப் போடுங்க."

போட்டார்கள். டிவியில் படம், கொழுந்தன் போனில் விளையாட்டு, இளையவள் மடிக்கணினியோடு கீழே வந்து சோபாவில், மூத்தவள் போனில் நாத்தனாரோடு வீடியோ கால். எதுவும் திக்கவில்லை. நாத்தனார்தான் திரையில் இத்தனை தலைகளையும் பார்த்து, "என்ன எல்லாரும் ஒண்ணா உக்காந்திருக்கீங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினாள்.

நெட்காரர் தன் போனில் எதையோ பார்த்தார். "எல்லாம் சேந்து இருபதைத் தாண்டலை. உங்க பழைய ரவுட்டரே முந்நூறு தாங்கும். வீட்டுக்கு இது தாராளம். ஆமா, அதை எங்கே வெச்சிருக்கீங்க?"

மூத்தவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் படுக்கையறை இரும்பு பீரோவைத் திறந்தாள். மடித்த போர்வைகளுக்கு நடுவே, அவளே தைத்த வெல்வெட் உறைக்குள் ரவுட்டர் சொகுசாக உட்கார்ந்திருந்தது. ஒயர் வருவதற்காக பீரோவின் முதுகில் ஓட்டைகூடப் போடச் சொல்லியிருந்தாள்.

நெட்காரர் வெல்வெட்டை விரலால் தடவிப் பார்த்தார். "என் சர்வீஸ்ல ரவுட்டருக்குச் சட்டை போட்டு இப்பத்தான் பாக்கறேன்," என்றார். "இரும்புக்குள்ள வெச்சுப் பூட்டினா மாடிக்கு எப்படிம்மா போகும்? கூடம் வரைக்கும் கசிஞ்சு வந்ததே பெரிசு."

உறையைக் கழற்றி, ரவுட்டரை மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு பலகை அடித்து வைத்தார். இளையவள் மேலே போய் முக்கால் மணி நேரம் வேலை பார்த்தாள். ஒரு அழைப்புகூட அறுபடவில்லை. கொழுந்தன் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கடைக்குப் போனான். மூத்தவளுக்கு அப்பாடா என்று இருந்தது. கூடவே கூசியது. நேராக மாடியேறிப் போய் இளையவள் முன்னால் நின்றாள்.

"நீ வாங்கின திட்டெல்லாம் என்னாலதான். ஆறு மாசம் முன்னாடி துடைக்கறப்ப என் கை பட்டு ரவுட்டர் விழுந்து, ரெண்டு நாள் நெட் இல்லாம உன் வேலைக்கே ஆபத்து வந்துச்சே. இனிமே யார் கையும் படக் கூடாதுன்னுதான் பூட்டி வெச்சேன்."

இளையவள் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினாள்.

"நான் வேற மாதிரி நெனச்சுட்டேன் அக்கா. நெட்டை எல்லாம் நான்தான் தீத்துடறேன்னு கோவம், அதான் எனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு பூட்டறீங்கன்னு. அதான் அவர்கிட்ட தனி லைன் வேணும்னேன்."

"அடிப்பாவி. ஆறு மாசமா இதை மனசுல வெச்சுக்கிட்டா என் கையால சாப்பிட்டே?"

"சாப்பாடு நல்லா இருந்துச்சே."

மூத்தவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? அப்புறம் நான் எப்படிக் கீழே சாப்பிட வருவேன்?"