ஈக்காரியின் கடைசிக் குழாய்

ரொட்டிக்காரர் வீட்டை ஒட்டிய கடையின் பின்கட்டில் சோளமாவுக் கஞ்சியை அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டிருந்தார். அவருடைய அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"ஏன்டா, பொண்டாட்டிய வீட்ல கிடத்திட்டு இங்க வந்து அடுப்பப் பத்த வச்சிருக்க. பாக்கறவங்க என்ன பேசுவாங்க?"

"பசிக்குது, அதான் கிண்டறான்னு பேசட்டும்."

"யாருக்குப் பசி?"

கரண்டியாலேயே மேசையைக் காட்டினார். பஞ்சு அடைத்த இரண்டு கண்ணாடிக் குழாய்கள். உள்ளே பழ ஈக்கள், எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். இந்தக் கடைக்குள் ஈ! கல்யாணத்தன்றே அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான். ஆய்வகத்தில் என்ன வளர்த்தாலும் சரி, கடைப்படியை ஒரு ஈ தாண்டக் கூடாது. ஊரே ஈக்காரி என்று கூப்பிட்ட அவர் மனைவியும் வாக்கு மாறியதில்லை. தினமும் வாசலிலேயே சேலையை உதறி, குனிந்து கூந்தலைத் தட்டிவிட்டு, "சோதனை முடிஞ்சுதா, முதலாளி?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள்.

காலையில் அவளுடைய ஆராய்ச்சி மாணவி அழுத கண்ணோடு ஒரு பையைக் கொண்டுவந்திருந்தாள்.

"ஆய்வகத்துல அக்கா வச்சிருந்த அலமாரிய இயக்குநர் காலி பண்ணச் சொல்லிட்டார்ண்ணா. மத்த குழாயெல்லாம் ஈ சாகறதுக்கு உறைபெட்டிக்குப் போயிடுச்சு. இது ரெண்டத்தான் எடுக்க முடிஞ்சுது. தீனி காஞ்சு பூஞ்சை பிடிச்சிருக்கு. இன்னிக்கு மாத்தலன்னா இந்த வம்சமே போயிடும்."

அந்த வம்சத்தைப் பற்றி அவருக்கு எப்போதோ மாவு பிசையும்போது மனைவியிடம் பாடம் நடந்திருந்தது. தாய் ஈ முட்டைக்குள் வைத்து அனுப்புவதைக் கொண்டுதான் கரு முதலில் பிழைக்கிறது. ஒரு கட்டத்தில் அதையெல்லாம் அழித்துவிட்டுத் தன் பொறுப்பில் வளர ஆரம்பிக்க வேண்டும். எதை அழிப்பது என்று பார்த்து அதன்மேல் அடையாளம் ஒட்டும் நொதிக்குப் பெயர் யூபிகுவிட்டின் லைகேஸ். "அது கெட்டுப்போன தாயோட முட்டை பாதியிலயே நின்னுடுது. அம்மா குடுத்தத விடத் தெரியல அதுக்கு" என்பாள். ஆய்வுக் குழு நம்பவில்லை. நின்றுபோன முட்டைகளின் கடைசி எண்ணிக்கையை முடித்துக் காட்டுகிறேன் பார் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் சண்டைக்கு நின்றாள்.

கஞ்சியைப் புதுக் குழாய்களில் ஊற்றினார். பழைய குழாயை மேசையில் தட்டினார். ஈக்கள் அடியில் விழுந்ததும் பஞ்சை எடுத்து, புதுக் குழாயின் வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்தார்.

"அண்ணா, சூடு!"

மேசையருகே நின்றிருந்த மாணவி கத்தி முடிப்பதற்குள் அத்தனையும் கொதிக்கும் கஞ்சியில் ஒட்டிக்கொண்டன. சிறகுகள் ஒருமுறை துடித்து அடங்கின.

சூடு ஆறாத ரொட்டியில் கத்தி வைத்ததற்காக வேலையாளையே விரட்டியவர் அவர். குழாயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நேற்றிலிருந்து வராத கண்ணீர் இப்போதுதான் வந்தது.

மிச்சம் ஒரே ஒரு குழாய்.

வெளியே அமரர் ஊர்தி ஹார்ன் அடித்தது.

"வந்துடுச்சுடா. வா."

"நிக்கட்டும்க்கா. இது ஆறணும்."

"டிரைவர் கத்துவான்டா!"

"கத்தட்டும். அவளும் என்னிக்கும் நேரத்துக்குக் கிளம்பினதில்ல."

மாலையோடு வந்திருந்த இயக்குநர் பேச்சுச் சத்தம் கேட்டுப் பின்கட்டுக்கே வந்துவிட்டார். மேசையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"இன்னிக்கு இதப் பேசக் கூடாதுதான். ஆனா அது எங்க நிறுவனத்தோட சொத்து."

"குப்பைன்னு எறியச் சொன்னீங்களாமே, சார். குப்பை எப்பலேர்ந்து சொத்தாச்சு?"

"அந்த நொதிக்கும் கரு வளர்றதுக்கும் சம்பந்தமில்லன்னு குழு முடிவு பண்ணிடுச்சு."

"குழு சொன்னா அவ என்னிக்காவது கேட்டிருக்காளா? நான் மட்டும் கேப்பேனா?"

இயக்குநர் மாணவி பக்கம் திரும்பினார். "உன் படிப்பு இன்னும் முடியல. ஞாபகம் இருக்கா?"

மாணவி புதுப் பஞ்சு கிள்ளி உருட்டினாள். "இருக்கு, சார். அக்கா விட்ட எண்ணிக்கைய நான் முடிப்பேன். உங்க இடத்துல முடியலன்னா வேற இடத்துல."

இயக்குநர் மாலையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். ஹார்ன் மறுபடியும் அலறியது. ரொட்டிக்காரர் அவசரப்படவில்லை. குழாயின் அடியைப் புறங்கையில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தார். பிறகு தட்டினார், கவிழ்த்தார், அடைத்தார்.

கொஞ்ச நேரம் எதுவும் அசையவில்லை. மாணவி குனிந்து குழாய்க்குள் பார்த்தாள். ஒரு ஈ புரண்டு எழுந்து கண்ணாடியில் ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று.

குழாயைச் சட்டைப்பையில் நிற்க வைத்துக்கொண்டு வண்டியில் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தார். அக்கா முறைத்துக்கொண்டே பக்கத்தில் ஏறினாள். வண்டி திரும்பியதும் ஜன்னல் வெயில் அவர் மார்பில் விழுந்தது.

"வெயில் ஆகுமாடா இதுக்கு?"

"ஆகாதுக்கா."

அக்கா முந்தானை நுனியை இழுத்து அவருடைய சட்டைப்பைக்கு நேரே பிடித்துக்கொண்டாள். துணியின் நிழலில் ஈக்கள் பஞ்சை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன.