டிராயரில் ஒரு செத்த டிஸ்க்

கடையைத் திறந்து விளக்கைப் போட்டதுமே அந்த அம்மாள் துண்டில் சுற்றிய லேப்டாப்போடு வந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர். பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி: கிளம்புவதற்கு டிஸ்க் இல்லையாம். உள்ளே பாதி முடித்த புத்தகம் இருக்கிறது, வேறு பிரதி கிடையாது என்றார். வியாபாரியிடம் போய் எனக்கு வேறு வழியில்லை என்று சொல்கிறவர், பர்ஸைத் திறந்து மேசைமேல் வைத்தவர்தான்.

கடைக்கார மெக்கானிக்குக்குக் காரணம் உடனே தெரிந்துபோனது. உள்ளே இருக்கும் பொத்தான் அளவு பேட்டரி தீர்ந்திருந்தது. எந்த டிஸ்கிலிருந்து கிளம்ப வேண்டும் என்பதை இயந்திரம் மறந்துபோய், இல்லாத இடத்தில் தேடிக்கொண்டிருந்தது. பேட்டரியை மாற்றி, செட்டிங்கில் வரிசையைச் சரிசெய்தால் ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

அந்த வேலைக்கு எவ்வளவு கேட்க முடியும்? லேப்டாப்பை உள்ளறைக்கு எடுத்துப் போனான். திரும்பி வரும்போது கையில் வேறொரு டிஸ்க் இருந்தது. மேசை டிராயரில் நிரந்தரமாகக் குடியிருக்கும் செத்த டிஸ்க் அது. மின்சாரம் கொடுத்தால் டக், டக் என்று அடித்துக்கொள்ளும். அதை அந்த அம்மாளின் காதருகே பிடித்தான்.

“கேக்குதாம்மா? இதுதான் உங்க டிஸ்க். உயிர் ஊசலாடுது. இன்னும் ஒரு தடவை ஆன் பண்ணினா மொத்தமும் போயிடும். இன்னிக்கே மாத்திடுங்க.”

இதற்குமேல் யார் பேரம் பேசுவார்கள்? புது டிஸ்குக்கு ஒரு தொகை, புத்தகத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு ஒரு தொகை. கழற்றிய நல்ல டிஸ்க் அடுத்த வாரம் இன்னொருவருக்குப் புதுசாகப் போகும். ஒரே மாட்டில் பாலும் கறந்து தோலும் உரிக்கிற வித்தை. அவன் மனைவி தலை நிமிராமல் பில் போட்டாள். கடை தொடங்கிய புதிதில் அவளுக்கு உறுத்தியதுதான். பிறகு பழகிவிட்டது, பணம் வீட்டுக்குத்தானே வருகிறது.

அந்த மாதமே ஒரு காலையில் அவளுக்கு இடது காது அடைத்துக்கொண்டது. உள்ளே ஓயாத இரைச்சல். காது மருத்துவர் அவளைச் சத்தம் புகாத அறையில் உட்கார வைத்துச் சோதித்து, ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு ஓரிடத்தில் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, இப்போதே மருந்து ஆரம்பித்தால் கேட்கும் திறன் திரும்ப வாய்ப்புண்டு, தள்ளிப்போட்டால் உத்தரவாதம் இல்லை என்றார்.

“இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க.”

அந்த ‘இன்னிக்கே’யைக் கேட்டதும் மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. பாம்பின் கால் பாம்பறியும். அவன் பார்வை மருத்துவரின் மேசை டிராயருக்குப் போனது. இந்த மாதிரி வரைபடம் எத்தனை அடுக்கி வைத்திருக்கிறாரோ. தொகையைக் குறைக்கச் சொல்லிப் பார்த்தான். அவர் குறைக்கவில்லை. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. கைதேர்ந்த வியாபாரி முதல் பேரத்துக்கு மசியமாட்டான்.

படியிறங்கும்போது மனைவி, மருந்தைத்தான் வாங்கிப் பார்ப்போமே என்றாள்.

“அட, போடி. இது நம்ம டிஸ்க் வேலை. பயம் காட்டுறவன்கிட்ட பர்ஸைக் காட்டக் கூடாது. சளி அடைச்சிருக்கும், தானா விடும்.”

தினமும் டிஸ்க் வேலையைப் பார்த்துப் பழகிய கண் அவளுடையது. அவளுக்கும் அது சரியென்றே பட்டது.

சளி விடவில்லை. வாரங்கள் போயின. ஒரு மாலை, கடையில் அவளுக்கு இடப்பக்கம் நின்று கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. சட்டென்று டிராயரைத் திறந்து, செத்த டிஸ்குக்கு மின்சாரம் கொடுத்து, அவள் இடது காதோடு ஒட்டிப் பிடித்தான். அது அவன் விரல்களில் டக், டக் என்று உதைத்தது. முகத்துக்கு நேரே வந்து கேட்டான்.

“கேக்குதா?”

“எது?” என்றாள் அவள்.

அந்த டிஸ்க் அன்றுதான் முதல் தடவையாக உண்மை சொன்னது.

வேறொரு மருத்துவமனைக்கு ஓடினான். இரண்டாவது வரைபடத்திலும் கோடு அதே கிணற்றுக்குள் கிடந்தது. இந்த முறை பேரமில்லை. எவ்வளவானாலும் தருகிறேன் என்றான். டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

“ஆரம்பத்துலயே யாரும் சொல்லலையா?”



மறுநாள் ஒரு வேன் டிரைவர், மகளின் லேப்டாப்போடு கடைக்கு வந்தார். அதே கறுப்புத் திரை, அதே வரி. மெக்கானிக்கின் கை பழக்கதோஷத்தில் டிராயருக்குப் போனது. டிரைவர் சொல்வது விளங்காமல், மனைவி தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். போன கை திரும்பி வந்தது.

“டிஸ்க் நல்லாத்தாண்ணே இருக்கு. சின்ன பேட்டரிதான் தீந்திருக்கு. இப்பவே முடிச்சிரலாம்.”

டிரைவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அவ்வளவுதானா? முந்தின கடையில டிஸ்க்கே போச்சுன்னாங்களே. நல்லாருக்குன்னு சொல்லி வாங்கி, உள்ள இருக்கிறதைக் கழட்டிக்கப் பாக்குறியா?”

லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

மெக்கானிக் செத்த டிஸ்கை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டான். “ஊரை ஏமாத்துறவனுக்கு ஊரே தன்னை ஏமாத்துற மாதிரித்தான் தெரியும். பொய்யை வித்துப் பொழைக்கிறவன், உண்மையை எந்த விலைக்கும் வாங்க முடியாது” என்றான்.

மனைவி நிமிரவில்லை. அவன் நின்றிருந்தது இடப்பக்கம். மேசையைச் சுற்றி வலப்பக்கம் போய், அதையே மறுபடியும் சொன்னான்.

“இதை அந்தக் காது கேக்கும்போதே சொல்லியிருக்கணும்” என்றாள் அவள்.