சுண்ணாம்புக் காற்று

அவருக்கு மிக்சி என்று பேர் வந்தது மெஷினால்தான். வயிற்றுக்கு அடியில் வரிசை வரிசையாக இரும்புப் பற்கள் வைத்த பெரிய வண்டி அது. ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். போகிற வழியில் தரையை ஆழமாகக் கிளறி, மேலே தூவியிருக்கும் சுண்ணாம்புத் தூளை மண்ணோடு சேர்த்து அரைத்துவிட்டுப் போகும். முதல் நாள் அதைப் பார்த்த தண்ணி லாரிக்காரர், "எங்க வீட்டு மிக்சி மாதிரியே கத்துது. என்ன, அரைச்சதை வழிச்சு வைக்கத்தான் பாத்திரம் இல்ல" என்றார். அன்றிலிருந்து மெஷினுக்கும் அதை ஓட்டுகிறவருக்கும் ஒரே பேர்.

அங்கே மண் முழுக்கக் களிமண். மழை பெய்தால் உப்பும், வெயில் அடித்தால் வாய் பிளக்கும். அதன்மேல் அப்படியே சாலை போட்டால் அடுத்த மழைக்குள் தார் மேடும் பள்ளமுமாகிவிடும். அதற்குத்தான் சுண்ணாம்பு. அது சேர்ந்ததும் களிமண்ணின் பிசுபிசுப்பு போய்ப் பொலபொலவென்று ஆகிவிடும். தண்ணீர் விட்டுக் கலந்து, ரோலர் ஓட்டி அழுத்தி, சில நாள் ஈரம் காயாமல் யாரையும் மேலே விடாமல் வைத்திருந்தால் இறுகிப்போகும். முன்னால் சுண்ணாம்பு தூவும் லாரி, பின்னால் மிக்சி, பக்கத்தில் தண்ணி லாரி, கடைசியில் ரோலர் என்று காலை முதல் சாயங்காலம் வரை இந்த ஊர்வலம் ஊர்ந்துகொண்டே இருக்கும்.

மிக்சி ஓட்டுகிறவருக்குக் கண்ணாடிக் கூண்டுக்குள் வேலை. சத்தத்துக்காகக் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். நாள் முழுக்கப் பேச்சுத்துணை கிடையாது. அது அவருக்கு வசதியாகவே இருந்தது. மனைவி இறந்துபோன பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல், எவ்வளவு தூரமான வேலை என்றாலும் சரி என்று ஒப்புக்கொண்டு வந்தவர். தகரக் கொட்டகையில் ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு, ஒரு தண்ணீர்க் கேன். மற்றவர்கள் சாயங்காலத்தில் சீட்டாடுவார்கள். அவர் முகம் கழுவிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

கல்யாணமான ஒரே மகன் வேறொரு நகரத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வான்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

"மருமக எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. தூங்குறா."

"சரி, எழுப்பாத."

அதற்குமேல் இரண்டு பேருக்கும் விஷயம் இருக்காது. வைக்கட்டுமா என்பான் அவன். வை என்பார் இவர்.

வேலை ஒரு தனி வீட்டை நெருங்கியபோது புதுத் தலைவலி ஒன்று வந்தது. சாலை ஓரத்தில் அந்த ஒரு வீடு மட்டும்தான். அதில் ஓர் அம்மாள் தனியாக இருந்தார். மிக்சி வயதுதான் இருக்கும். முதல் நாளே ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார். இவர் மெஷினை நிறுத்திவிட்டு இறங்கினார்.

"இது என்ன கலர்?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

"வெள்ளைங்க."

"நேத்து வரைக்கும் இது நீலம்."

பின்னால் ரோலர்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. வீட்டுக்குள், பாத்திரத்தில், தலையணையில், தலைமயிரில் எல்லாம் சுண்ணாம்பு என்று வரிசையாகக் கொட்டித் தீர்த்தார். ஆட்கள் அவருக்குப் புகார் அக்கா என்று பேர் வைத்தார்கள். வேலையை மேற்பார்வை பார்த்த இன்ஜினியர் பெண், "நீங்கதான் பொறுமையா கேக்குறீங்க, நீங்களே பேசிடுங்க" என்று பொறுப்பை மிக்சி தலையில் கட்டிவிட்டாள்.

அதன் பிறகு தினமும் அந்த வீட்டுப் பக்கம் வரும்போது அவர் மெஷினை நிறுத்திக் கையைக் காட்டுவார். அந்த அம்மாள் வந்து துணிகளை எடுப்பார். எடுத்துக்கொண்டே திட்டுவார். இவர் காதை மூடியிருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பார். சில சமயம் திட்டு சுண்ணாம்பைத் தாண்டிப் போய்விடும். வேகாத பருப்பு, வராத பஸ், வாயைத் திறந்தால் மூடாத டிவி. எல்லாம் எடுத்து முடித்ததும், "ம், போங்க மிக்சிக்காரரே" என்று உத்தரவு கிடைக்கும். இவர் ஏறிக்கொள்வார். பல நாட்களில் அவர் இன்னொரு மனிதக் குரலை நின்று கேட்டது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

அது நடந்ததும் அந்த வீட்டுக்கு எதிரிலேயேதான். சுண்ணாம்பு லாரியின் பின்வாய் அடைத்துக்கொண்டது. அதன் டிரைவர் எங்கேயோ போயிருந்தார். தண்ணி லாரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தது. நாமே தட்டிவிடலாம் என்று மிக்சி கம்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடி வியர்வையில் மங்கலாகிவிட்டது. அதை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். கம்பியால் ஒரு தட்டுத் தட்டினார். கட்டி உடைந்து தூள் குபீரென்று இறங்கியது. அதே நேரம் காற்று திரும்பியது.

கண்ணுக்குள் கொதிக்கிற எண்ணெயை ஊற்றியது போலிருந்தது. கத்தினாரா என்று அவருக்கே தெரியவில்லை. தூரத்திலிருந்து இன்ஜினியர் பெண், "தேய்க்காதீங்க! தண்ணி ஊத்துங்க, யாராவது தண்ணி ஊத்துங்க!" என்று அலறிக்கொண்டு ஓடி வருவது கேட்டது. அதற்குள் யாரோ அவருடைய சட்டைக் காலரைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துப்போய்த் தரையில் தள்ளினார்கள். முகத்தில் குழாய்த் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

"திறங்க கண்ண. திறங்கன்னு சொல்றேன்ல!"

"முடியலம்மா... எரியுது..."

"எரியட்டும். திறங்க."

அந்த அம்மாள் தன் விரல்களாலேயே அவருடைய இமைகளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை. இன்ஜினியர் பெண் மிக்சியின் தலையை மடியில் தாங்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவளை ஒரு அதட்டு அதட்டியதும் அந்தக் குரல்தான். "அழுறத அப்புறம் வெச்சுக்க. குழாயப் பெருசாத் திற."

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். கட்டு எடுக்கும்வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மிக்சிக்குக் காலை, சாயங்காலம் என்பதெல்லாம் சத்தமாக மாறிவிட்டது. தள்ளுவண்டி வந்தால் காலை. பக்கத்துக் கட்டில்களுக்கு ஆட்கள் வந்து டிபன் கேரியர் திறக்கும் சத்தம் கேட்டால் மத்தியானம். எல்லாக் கட்டிலிலும் யாராவது உட்கார்ந்து குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். தன் கட்டிலைச் சுற்றி மட்டும் காற்றாடிச் சத்தம் கேட்டது.

வேலையாட்கள் ஒரு முறை கூட்டமாக வந்தார்கள். ரோலர்காரர் இவர் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அந்தப் பகுதி வேலை முடிந்துவிட்டது, கொட்டகையைப் பிரித்துத் தள்ளிப் போகிறோம் என்றார். "உன் கட்டில், கேன் எல்லாம் லாரில ஏத்திட்டேன். கவலப்படாத." அவர்கள் போனார்கள். பிறகு யாரும் வரவில்லை. வர முடியாத தூரத்துக்குப் போயிருப்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் போனை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

"சாப்பிட்டியாப்பா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. என்னப்பா, மெஷின் சத்தம் காணோம்?"

"இன்னிக்கு லீவு. மருமக?"

"குளிக்கிறா."

"சரி, வை."

வைத்த பிறகு போனை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். கண்ணுக்குள் கண்ணீர் சுரந்தால் எரியும் என்று சொல்லியிருந்தார்கள். எரிந்தது.

மறுநாள் மத்தியானம் ஒரு செருப்புச் சத்தம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "இதுக்குப் பேரு விரிப்பா? இதுல தூங்கினா இன்னொரு வியாதி வரும்" என்றது ஒரு குரல்.

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அம்மா, நீங்களா?"

"நான்தான். ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். படுங்க."

கையில் ஒரு டம்ளரைக் கொடுத்தார். கொடுத்த விரல்களில் துணி சுற்றியிருப்பது தெரிந்தது. என்ன என்று கேட்டார். "உங்க கண்ணுல இருந்தது கொஞ்சம் எனக்கும் வந்துது. ஆறிடும்" என்று முடித்துக்கொண்டார் அந்த அம்மாள். பிறகு, "வீட்டு ஆளுங்க யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்.

"யாருக்கும் சொல்லலம்மா. பையன் வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவான்."

"ஓடி வரட்டுமே. அதுக்குத்தான பெத்தீங்க?"

"அவனுக்கும் குடும்பம் இருக்கு. எதுக்குத் தொந்தரவு?"

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. போய்விட்டாரோ என்று மிக்சி கையை நீட்டித் துழாவினார்.

"இங்கதான் இருக்கேன்" என்றார் அவர். "போன வருஷம் குளிக்கிற எடத்துல வழுக்கி விழுந்தேன். எந்திரிக்க முடியல. யாரைக் கூப்பிடுறதுன்னு படுத்துக்கிட்டே யோசிச்சேன். ஒரு பேரும் வரல. கடைசில பால் போடுறவர் வந்து கதவத் தட்டினார். அவர் பேரு எனக்குத் தெரியாது. 'பாலு, பாலு'ன்னு கத்தினேன்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் மிக்சி சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தார். அவர் சிரித்து இவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் கிளம்பிய பிறகு பேச்சு இல்லாத பொழுது முன்னைவிட நீளமாகத் தெரிந்தது. நாளைக்கும் வருவாரா என்று கேட்காமல் விட்டோமே என்று நினைத்தார்.

அடுத்த நாள் வந்தது வேறு காலடி. வேகமாக வந்து, கட்டிலருகே வந்ததும் தயங்கி நின்றது.

"அப்பா."

மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "யாரோ ஒரு அம்மா போன் பண்ணாங்க. எடுத்த எடுப்புலயே திட்டினாங்க" என்றான்.

அந்த அம்மாள் நர்ஸிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். மிக்சிக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "அவங்களுக்கு என்ன வேலை? நான்தான் வேணாம்னேன்ல?" என்று கத்தினார். பக்கத்துக் கட்டிலில் பேச்சு நின்றது. மகன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்துத்தான் மிக்சி கேட்டார்.

"மருமக தனியா இருப்பாளே. சொல்லிட்டு வந்தியா?"

"அவ இல்லப்பா."

"இல்லன்னா?"

"போயிட்டா. மழைக்காலத்துக்கு முன்னாடியே போயிட்டா. ஒத்துவரல. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ஞாயித்துக்கிழமை குளிக்கிறான்னு சொன்னியேடா."

"நீயும்தான் லீவுன்னு சொன்ன."

மிக்சி அவன் முகம் இருக்கும் இடத்தைத் தேடித் தொட்டார். பல நாள் சவரம் செய்யாத தாடி. கன்னம் ஒட்டியிருந்தது. "சாப்பிடுறியா இல்லியாடா?" என்றார். மகன் குனிந்து கட்டில் விளிம்பில் தலையை வைத்துக்கொண்டான். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்படித்தான் படுப்பான். இவர் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டார்.

கட்டு எடுத்தபோது வலது கண் பார்த்தது. இடது கண்ணில் பால் படிந்தது போல் வெள்ளையாக ஒரு திரை நின்றுவிட்டது. உடனே கழுவாமல் இருந்திருந்தால் இரண்டும் போயிருக்கும் என்றார் டாக்டர். மெஷின் ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். மிக்சி தலையாட்டினார். மகன்தான், "வேற வேலை எதுவும் செய்யலாமா?" என்று கேட்டான். டாக்டர், "மெதுவா பழகணும்" என்றார்.

மகனுடைய ஊருக்குப் போகும் வழியில் அந்த வீட்டில் இறங்கினார்கள். வீட்டுக்கு முன்னால் தார் போட்டு வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அந்த அம்மாள் கதவைத் திறந்து மிக்சியின் முகத்தைத் திருப்பி இடது கண்ணைப் பார்த்தார். அவர் விரல்களில் தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது.

"இதுல தெரியலயா?"

"தெரியலம்மா. இன்னொண்ணுல நல்லாத் தெரியுது."

"என் மேல கோவமாமே? உங்க பையன் போன்ல சொன்னான்."

"இருந்துது."

"இருக்கட்டும். டீ குடிச்சிட்டுப் போங்க."

மூன்று பேரும் சமையலறையிலேயே நின்று டீ குடித்தார்கள். வெளியே லாரிகள் போகும்போது ஜன்னல் அதிர்ந்தது. இப்போது யாரையும் நிறுத்த முடியவில்லை, எல்லாம் பறக்கிறது என்றார் அந்த அம்மாள். பஸ் வந்ததும் அவரே கையைக் காட்டினார். அது நின்றது.

மகனுடைய வீடு நாலாவது மாடியில். அலமாரியில் ஒரு பக்கம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் அதைத் திறக்காமல் புழங்கினார்கள். காலையில் மகன் வேலைக்குப் போய்விடுவான். பகல் முழுக்க மிக்சி தனியாக இருப்பார். ஒரு கண்ணால் பார்க்கும்போது எது பக்கம், எது தூரம் என்று பிடிபடவில்லை. தண்ணீர் டம்ளருக்கு வெளியே விழுந்தது. கதவில் இடித்துக்கொண்டார். அப்போது ஒரு நாள் மழை பிடித்தது. அவருக்கு என்னவோ தோன்றி, மகன் போனில் ஏற்றிக் கொடுத்திருந்த அந்த அம்மாளின் நம்பரை அழுத்தினார்.

"யாரு?"

"மிக்சிங்க."

"ஓ. கண்ணு எப்படி?"

"அப்படியேதான். அங்க மழையா?"

"ரெண்டு நாளா கொட்டுது. ஏன், ரோட்டப் பாக்கணுமா? இருங்க." செருப்பு போடும் சத்தம், கதவுச் சத்தம், பிறகு மழைச் சத்தம். "நல்லாத்தான் இருக்கு. என் வாசல்தான் சேறு."

"சரிம்மா."

"பையன் எப்படி இருக்கான்?"

"சாயங்காலம் வருவான். பேசவே மாட்டேங்கிறான்."

"நீங்க பேசுங்க. அடுப்புல பாலு இருக்கு, வெக்கிறேன்."

மழை விட்டதும் மிக்சி பையை எடுத்துக்கொண்டார். ராத்திரிக்குச் சமைக்கக் காய் இல்லை. தனியாக இறங்க வேண்டாம் என்று மகன் சொல்லியிருந்தான். முதல் படி எங்கே இருக்கிறது என்று காலால் தடவிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்த இடத்துக்குக் கொஞ்சம் கீழே இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். எதிரே ஏறி வந்த யாரோ ஒதுங்கி நின்று வழி விட்டார்கள். அவர்களிடம், "கடை எந்தப் பக்கங்க?" என்று கேட்டார்.