ராக்கெட்டுக்குப் போட்ட கையெழுத்து

தெராத்தாய் தோட்டத்துக்கு ராக்கெட் வரப்போகிறது என்று தொழிலாளர் லயத்தில் முதலில் சொன்னது, தோட்ட ஆப்பீஸில் கணக்கெழுதும் கிராணி கோமளாதான். அவள் சொன்னதால்தான் ஜனங்கள் நம்பினார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

சிம்பாங் அம்பாட் டவுனிலிருந்து ஆறு மைல் உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் நாற்பத்தேழு குடும்பங்கள் இருந்தன. அத்தனை பேருக்கும் வரும் மலாய்க் கடிதம், இங்கிலீஷ் கடிதம் எல்லாம் கோமளாவின் மேசைக்குத்தான் வரும். பள்ளிக்கூடத்து நோட்டீஸ், ஆஸ்பத்திரி கார்டு, எதுவானாலும் அவள் படித்து அர்த்தம் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. அஞ்சாம் பாரம் முடித்து, பதினெட்டு வருஷமாக அதே நாற்காலியில் இருக்கிறவள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் தைப்பூசம் முடிந்த வாரம், ஆயர் குரோவிலிருந்து ஒரு கம்பெனி ஆள் வெள்ளைக் காரில் வந்தான். பேர் தினேஷ்வரன். முப்பது வயதுகூட இருக்காது. நம்ம பிள்ளை என்பதால் கோமளா மைலோ கலக்கிக் கொடுத்தாள்.

"அக்கா, இந்தப் பக்கத்துல ராக்கெட் தளம் வரப்போகுது. சேட்டிலைட் இருக்குல்ல, அத மேல அனுப்புற இடம். கப்பலுக்குத் துறைமுகம் மாதிரி, இது ஆகாயத்துக்குத் துறைமுகம்."

"இங்கயா? இந்தச் செம்பனைக்காட்டுலயா?"

"பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கோம்லா. இங்க இருந்து விட்டா எண்ணெய் மிச்சமாம். ஹோட்டல் வரும், ரோடு வரும், டூரிஸ்ட் வருவான். காவலுக்கு ஆள் வேணும், கேண்டீனுக்கு ஆள் வேணும், வேன் ஓட்ட ஆள் வேணும். உங்க ஜனங்களுக்குத்தான் முதல்ல."

அந்தக் கடைசி வார்த்தையில் கோமளா விழுந்துவிட்டாள். தோட்டத்தில் வருஷா வருஷம் ஆள் குறைத்துக்கொண்டே வந்த காலம் அது. பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் இருட்டோடு எழுந்து தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுவதை அவள் தினமும் ஜன்னலில் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலிலேயே வேலை வந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆதரவுக் கடிதம் வேண்டும் என்றான் தினேஷ்வரன். கடிதத்தைக் கம்பெனியே அடித்துக்கொள்ளும், பேர், ஐ.சி. என்கிற அடையாளக் கார்டு நம்பர், கையெழுத்து மட்டும் கட்டம் போட்ட தாளில் வாங்கித் தந்தால் போதும். கோமளா கட்டம் போட்டாள். வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்புசாமி ஒருவர்தான் உடனே பேனாவைத் தொடவில்லை. "ராக்கெட் கெளம்புனா தகரக் கூரை நிக்குமாமா?" என்று கேட்டார்.

"ஐயோ மாமா, அதெல்லாம் இஞ்சினியருங்க பாத்துக்குவாங்க. ரோட்டுல லோரி போனா கூரை பறக்குதா?"

அப்புசாமி அவள் முகத்தையே பார்த்தார். "நீ சொன்னா சரிதான்மா" என்று எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டார். களை பிடுங்கும் முனியம்மாவுக்கு எழுத வராது. கோமளாவே அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றித் தாளில் அழுத்தினாள். "என் ரேகையும் ஆகாசத்துக்குப் போவுதா?" என்று முனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள்.

மூன்று மாதம் கழித்து, ஆயர் குரோவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் திட்ட விளக்கக் கூட்டம். தோட்டத்து ஜனங்கள் சார்பாகக் கோமளாவுக்கு அழைப்பு வந்தது. தீபாவளிக்கு எடுத்த பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள்.

மண்டபத்தின் நடுவில் ஒரு பெரிய மேசை. அதன் மேல் தெராத்தாய் தோட்டமே சின்னதாக உட்கார்ந்திருந்தது. கைநீளத்துக்கு வெள்ளை ராக்கெட் ஒன்று. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள், தீக்குச்சி அளவு மனிதர்கள். கோமளா குனிந்து ஆற்றைத் தேடினாள். இருந்தது. ஆற்றின் வளைவில் மாரியம்மன் கோயில் இருக்க வேண்டும், அதற்கு இந்தப் பக்கம் லயம் இருக்க வேண்டும். அங்கே வெறும் பச்சைத் துணி ஒட்டியிருந்தது.

பக்கத்தில் நின்ற கம்பெனிப் பெண்ணிடம் இங்கிலீஷில் கேட்டாள், "இந்த இடத்தில் என்ன வரப்போகிறது?"

"ஒன்றும் வராது. பாதுகாப்பு எல்லை. மூன்று கிலோமீட்டருக்குள் யாரும் இருக்கக் கூடாது."

"இங்கே வீடுகள் இருக்கின்றனவே?"

"இருந்தன. எல்லாரும் தாங்களாகவே காலி செய்யச் சம்மதித்துவிட்டார்கள்." அந்தப் பெண் சிரித்த முகத்தோடு தடிமனான அறிக்கையைப் புரட்டி நீட்டினாள்.

மேலே மலாயில் நாலு வரி. வருஷக் கடைசிக்குள் வீடுகளை விட்டு வெளியேறச் சம்மதிக்கிறோம், எங்களுக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. அதன் கீழே கம்பெனியின் குறிப்பு: ஆகவே இந்த நிலத்தில் குடியிருப்பு ஏதும் இல்லை. அடுத்த பக்கத்தில் அவள் அடிமட்டம் வைத்துப் போட்ட கட்டம். அவள் கையால் எழுதிய பேர்கள். அப்புசாமியின் கோணல் எழுத்து. கொஞ்சம் இழுத்துக்கொண்டு போன முனியம்மாவின் ரேகை.

கோமளாவுக்குக் காது அடைத்துப்போனது. மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்தார். வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள். தன் கையெழுத்துதானா என்று விரலால் தடவிப் பார்த்தாள். முதல் கட்டத்திலேயே இருந்தது.

தினேஷ்வரன் கூல்டிரிங்க் கிளாஸோடு வந்தான். "என்னக்கா, சாப்பிட்டீங்களா?"

"தம்பி, இது என்ன?"

அவன் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். ஒளிக்க ஏதோ இருக்கிறது என்ற பதற்றம்கூட அவனிடம் இல்லை. அதுதான் அவளைக் குலைத்துப் போட்டது.

"ராக்கெட்டுகிட்ட யாராச்சும் குடியிருக்க முடியுமாக்கா? நீங்க படிச்சவங்க. தெரிஞ்சுதான் வாங்கித் தந்தீங்கன்னு நெனச்சேன்."

வீடு எங்கே என்று கேட்டாள். தோட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்றான். வேலை? முதலில் டெக்னிக்கல் ஆட்கள், மற்றதெல்லாம் பிறகு என்றான். கோமளா அறிக்கையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்தாள். சிம்பாங் அம்பாட் வந்தும் இறங்கத் தோன்றாமல் இருந்தாள். கண்டக்டர் வந்து தோளைத் தட்ட வேண்டியிருந்தது.

மறுநாள், வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில், அப்புசாமி பேர் கூப்பிட்டு முடித்ததும், கோமளா முன்னால் போய் நின்றாள். கூட்டிக் குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். தாளில் மேலே என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்காமல் வாங்கிக் கொடுத்தது தன் தப்பு என்றும் சொன்னாள்.

யாராவது திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கையில் கொக்கியும் கூடையுமாக அப்படியே நின்றார்கள். கடைசியில் அப்புசாமி, "எப்ப காலி பண்ணணுமாம்?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே கோமளா இன்னொரு கடிதம் எழுதினாள். முந்தைய சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறோம் என்று முழுசாக அடித்து, தமிழிலும் எழுதிச் சேர்த்துக்கொண்டு பழையபடி வீடு வீடாகப் போனாள். ஒன்பது பேர் போட்டார்கள். மற்ற வீடுகளில் கதவோடு சரி. முனியம்மா முந்தானைக்குள் கையை மூடிக்கொண்டாள்.

"வேணாம்மா. ஒரு தடவ அமுக்குனதுக்கே வீடு போச்சு. இன்னொரு தடவ அமுக்குனா என்ன போவுமோ."

கோமளா வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன சொல்லி அவளை நம்ப வைப்பது? நம்பு என்று சொல்ல அவளுக்கு இனி வாய் ஏது? பிறகு எழுந்து அப்புசாமி வீட்டுக்குப் போனாள்.

"மாமா, யாரும் எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். ஆளா வந்தா போதும். இங்க ஆளே இல்லைன்னு எழுதி வச்சிருக்கான். நாம போய் நிப்போம்."

அப்புசாமிக்கு அது புரிந்தது. புதன்கிழமை, பழம் ஏற்றும் லோரிகளில் ஏறிக்கொண்டு நூற்றுப் பத்து பேர், திட்டத்துக்கு நிலம் ஒதுக்கும் அலோர் காஜா நில ஆப்பீஸ் முன்னால் போய் இறங்கினார்கள். கைக்குழந்தை வைத்திருந்தவர்களும் வந்தார்கள். கவுண்டரில் இருந்த மலாய் அதிகாரி கூட்டத்தைப் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். கோமளா தோட்டத்தின் பேரைச் சொன்னாள்.

அவர் உள்ளே போய் ஒரு பைலைக் கொண்டு வந்து படித்தார். வராந்தாவில் நிற்கிறவர்களைப் பார்த்தார். "இங்கே யாரும் இல்லை என்றல்லவா கொடுத்திருக்கிறார்கள்" என்றார், பாதி தனக்குத்தானே. பிறகு ஒவ்வொருவர் ஐ.சி.யாக வாங்கி, தன் கையாலேயே எழுத ஆரம்பித்தார். மதியச் சாப்பாட்டுக்கும் அவர் எழுந்து போகவில்லை. முனியம்மா தன் முறை வந்தபோது அடையாளக் கார்டை நீட்டி, "நான் இருக்கேன்" என்று மட்டும் சொன்னாள்.

திட்டத்தை மறுபடி ஆராய வேண்டும் என்று கம்பெனிக்குக் கடிதம் போனது. ஆராய்ந்து முடிப்பதற்குள் தொண்ணூற்றேழில் நாட்டுப் பணமான ரிங்கிட்டின் மதிப்பு விழுந்தது. ஆயர் குரோவிலிருந்த கம்பெனி ஆப்பீஸில் பூட்டுத் தொங்கியது. ராக்கெட்டும் வரவில்லை, ஹோட்டலும் வரவில்லை. லயம் இருந்த இடத்தில் இருந்தது.

கோமளாவிடம் ஜனங்கள் மறுபடி கடிதம் கொண்டுவர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. முதலில் வந்தது அப்புசாமி. ஒரு பக்கக் கடிதத்தை அவள் படித்து அர்த்தம் சொல்லி முடித்ததும், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பின்னால ஏதும் எழுதியிருக்கானா, பாரும்மா."

கோமளா தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தை அவர் கண்ணுக்கு நேராகக் காட்டினாள்.