இரண்டாவது பாட்டுக்கு முன்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பெண்ணின் செருப்பிலிருந்து கிடைத்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளைச் செருப்பு, குதிகால் கொஞ்சம் உயரம். ஏரிக்கரை நடனக் கூடத்தின் மேடையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு பாடகி நின்றாள். பாட்டின் நடுவில் அக்கார்டியன் என்கிற துருத்தி வாத்தியம் தனியாக ஒலிக்கும் இடம் வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். முகம் சும்மா இருந்தது, வலது கால் சும்மா இருக்கவில்லை. கீழே ஆடும் பெண்கள் பின்பக்கமாக எடுத்து வைக்கும் அடியை, மேடையில் ஒரு சாண் இடத்துக்குள் அதுவும் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நானாகக் கட்டியது. அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. (ஐலா என்று வைத்துக்கொள்கிறேன். பாடுகிற வாய்க்கு ஏற்ற பெயர்.)

ஒரு சங்கடம் இருக்கிறது. வார இதழ் என்னிடம் கேட்டது கதை அல்ல, கட்டுரை. மக்கள் ரசிக்கும் பாட்டு, ஆட்டம், கேளிக்கை இவற்றைப் பற்றி என் சொந்தச் சிந்தனைகள். "கெர்த்து, மனசுல பட்டத எழுதுங்க, போதும்" என்றார் ஆசிரியர். மனசில் பட்டது அந்தச் செருப்பு. நான் என்ன செய்வேன்?

2

தொடக்கம் ஒன்று: "ஜூலை மாதத்து மாலை. சூரியன் மறைய மனமில்லாமல் ஏரியின் மேல் —"

வேண்டாம். பின்லாந்தில் ஜூலை மாதத்துச் சூரியனுக்கு மறைய மனமில்லை என்பது ஒரு செய்தியா?

தொடக்கம் இரண்டு: "ஐலா பத்தொன்பது வயதில் தன் அண்ணன் ரெய்யோவின் இசைக்குழுவில் பாட வந்தாள். ரெய்யோ அக்கார்டியன் வாசிப்பான். அவர்கள் கோடைதோறும் —"

வேலைக்கு விண்ணப்பம் போடுவதுபோல இருக்கிறது. ஆனால் விவரம் தேவைப்படும், கிடக்கட்டும்.

தொடக்கம் மூன்று: "எங்கள் டாங்கோ பாட்டுகளில் யாரும் பாத்திரம் கழுவுவதில்லை."

இது எனக்குப் பிடித்திருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன்.

எங்கள் டாங்கோ பாட்டுகளில் யாரும் பாத்திரம் கழுவுவதில்லை, யாருக்கும் முதுகுவலி கிடையாது. ஜோடியாக ஆடுவதற்கென்றே எழுதிய ஏக்கப் பாட்டுகள் இவை. இலையுதிர்காலம் வரும், மழை வரும், போனவள் வரமாட்டாள். மூன்று நிமிடத்தில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தில் இந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேசும்போது, செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோலத்தான் பேசுவோம். ஆனால் நான் உருளைக்கிழங்கு தோலுரிக்கும்போது வாயில் வருவது எது? பரீட்சைக்காக உருப்போட்ட கவிதைகளில் பாதி மறந்துவிட்டது. இந்தப் பாட்டுகளை நான் ஒருநாளும் உருப்போட்டதில்லை, ஒரு வரி மறக்கவில்லை. எந்த வழியாக வீட்டுக்குள் வந்தது என்று தெரியாத பூனைபோல உள்ளே உட்கார்ந்திருக்கின்றன.

அவை சொல்வது பொய்தான். ஆனால் ஊரே கூடி ஒத்துக்கொண்ட பொய். எங்கள் ஆண்கள் "உன் மேல் ஆசையாக இருக்கிறது" என்று சொல்ல வேண்டுமானால், முதலில் சவுனா என்னும் நீராவிக் குளியலறையைச் சூடாக்குவார்கள், விறகு ஈரமாக இருப்பதைப் பற்றி விரிவாகப் பேசுவார்கள், பிறகு சொல்லவந்ததைச் சொல்லாமலே படுத்துத் தூங்கிவிடுவார்கள். பெண்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறதாம்! அதனால்தான் ஒருத்தியை மேடையில் ஏற்றி, எல்லோருக்குமாகச் சேர்த்து அவளைச் சொல்லவைக்கிறோம். வா, என் அருகே வா, கோடை முடியப்போகிறது என்று.

சரி, அவளுக்கு யார் சொல்வது?

கட்டுரை இந்தக் கேள்வியோடு முடிந்துபோயிற்று. கதைக்குக் கால் முளைத்தது.

3

ஐலாவுக்கு என்ன வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. தான் பாடுகிற பாட்டுக்கு ஒருமுறையாவது ஆட வேண்டும். யார் யாருக்கோ சொல்லிக்கொடுத்த ஆசையை, ஒருமுறை தன் காதால் கேட்க வேண்டும். எனக்குக் குழப்பம் ஆளைப் பற்றித்தான்.

முதலில் அவனை மனைவியை இழந்தவனாக எழுதினேன். [அடித்துவிட்டேன். பாட்டுகளில் ஏற்கெனவே அத்தகையவர்கள் நிறைய.] பிறகு வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த —— [இதையும்.] கடைசியில் தௌனோ வந்தான். பனிக்காலத்தில் சாலைப் பனியை வழிக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறவன். பெரிய உடம்பு, சுத்தமான சட்டை, தார்ச் சோப்பின் வாசனை. கோடையில் ஐலா பாடும் இடமாகப் பார்த்து வருவான். வந்து ஒரு தூணருகே நிற்பான்.

அவனை எந்தப் பெண்ணும் ஆடக் கூப்பிடமாட்டாள். தாளத்துக்கு அரை அடி பிந்துவான் என்று வட்டாரம் முழுக்கத் தெரியும்.*

* தெரிந்தால் என்ன என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரில் ஒருவன் சரியாக ஆடமாட்டான் என்பது, அவன் ஓட்டும் வண்டியின் எண்ணைப்போல எல்லோருக்கும் நினைவிருக்கும்.

எழுதியவரை என் அக்கா மார்கெத்தாவிடம் காட்டினேன். அக்கா முன்பெல்லாம் ஒரு சனிக்கிழமை விடாமல் ஆடப் போனவள். இப்போது போவதில்லை, முழங்கால் வலியாம். ஞாயிறுதோறும் என் சமையலறைக்கு வந்து, காப்பியும் இலவங்கப்பட்டை ரொட்டியும் வைத்துக்கொண்டு, நான் எழுதுவதில் மூக்கை நுழைப்பாள்.

"தூண்கிட்ட நிக்கிறவன நல்லாப் புடிச்சிருக்க. எல்லாக் கூடத்துலயும் ஒருத்தன் நிப்பான்" என்றாள். "ஆனா இவ மேடைய விட்டு எப்பிடிடி எறங்குவா?"

"எறக்கிக் காட்டறேன் பாரு" என்றேன்.

4

(இனி நான் குறுக்கே வரமாட்டேன். வராமலிருக்க முயல்கிறேன்.)

பெண்கள் போய் ஆண்களை அழைக்கும் நேரம். சுவரில் அதற்கான விளக்கு எரிந்தது. பெண்கள் வரிசை கலைந்து எதிர்ப்பக்கம் போய், ஜோடி ஜோடியாக ஆடும் தரைக்கு வந்தது. தூணருகே தௌனோ மட்டும் மிஞ்சினான். சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூரையில் பலகை பழுது பார்க்க வந்தவன்போல நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையை ஐலா எத்தனையோ கோடைகளாக மேடையிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"அண்ணா, வார்த்தையில்லாத டாங்கோ ஒண்ணு வாசி."

"ஏன், தொண்ட கட்டிக்கிச்சா?" என்றான் ரெய்யோ.

"தொண்ட நல்லாத்தான் இருக்கு. காலுதான் கேக்க மாட்டேங்குது."

ரெய்யோவுக்குப் புரிந்துவிட்டது. "ஐலா, கீழ எறங்காத. பாடுறவ எறங்கி ஆடினா பாட்டு செத்துப்போகும். அப்புறம் எவனும் நம்பமாட்டான்."

"செத்தா நாமளே பொதச்சிக்கலாம். வாசி."

அவள் மரப்படியில் இறங்கினாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் பிடரியால் பார்த்தார்கள்.

"ஆடலாமா?" என்றாள்.

தௌனோ பின்னால் திரும்பினான். தூண்தான் இருந்தது. "என்னையா கேக்கறீங்க?"

"தூணக் கேக்கல."

"நான் தாளத்துக்குக் கொஞ்சம் பிந்துவேங்க. முன்னாடியே சொல்லிடறேன்."

"நான் எப்பவும் முந்திருவேன், எங்கண்ணன் திட்டிட்டே இருப்பான். நடுவுல எங்கயாவது சந்திச்சுக்கலாம் வாங்க."

ரெய்யோ வாசித்தான். கூடத்தின் ஏரிப்பக்கச் சுவர்ப் பலகைகளைத் திறந்து வைத்திருந்தார்கள். தண்ணீரின் மேல் வெண்ணிற மூட்டம் எழுந்து, தரை விளிம்பில் ஏறி நின்றது. ஆடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகும்போது முழங்கால்வரை அதில் மறைந்து, திரும்பும்போது மீண்டும் முழு ஆளானார்கள். தௌனோ பனியில் வண்டி ஓட்டுவதுபோல ஆடினான். அவசரமில்லை, திடீர்த் திருப்பமில்லை, முன்னே என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அடி. அரை அடி பிந்தத்தான் செய்தான். பிந்திய அந்த அரை அடிக்குள் ஐலாவுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது.

இசை எப்போதும் அவளுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்துதான் வரும். குழு பின்னால், அவள் முன்னால். இப்போது அது முகத்துக்கு நேரே வந்தது. தானே ஆயிரம் தடவை பாடிய ஏக்கத்தை யாரோ இப்போதுதான் தன்னிடம் சொல்வதாகத் தோன்றியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷத்தில் அழுகை வந்தது, அடக்கவில்லை. மூட்டத்து ஈரத்தில் யாருக்குத் தெரியும்?

பாட்டு முடிந்தது. அவள் மெல்லக் கையை எடுத்தாள். நன்றி சொன்னாள். மேடையேறினாள். ஒரே ஒரு நடனம். மைக்கின் முன் நின்றபோது அவள் குரலில் முன்பில்லாத ஏதோ ஒன்று —

எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

5

மார்கெத்தா காப்பிக் கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் காகிதமெல்லாம் நனைந்துவிட்டது.

"அடிப்பாவி! அந்த மனுசனக் கொன்னுட்டியே!"

"யாரக்கா கொன்னேன்? எவ்ளோ அழகா —"

"அழகாம் அழகு! ஒரு பாட்டோட விட்டுட்டுப் போறா பாரு! நீ எந்த ஊர்க்காரிடீ? கூப்பிட்டா ரெண்டு பாட்டு. ஆடத் தெரியலேன்னாலும் ரெண்டு, கால மிதிச்சாலும் ரெண்டு. ஒண்ணோட விட்டா என்ன அர்த்தம்? கை எங்கயோ போயிருக்கு, இல்ல மேல நாத்தம் அடிக்குதுன்னு அர்த்தம். எல்லா ஜோடியும் ரெண்டாவது பாட்டுக்குக் காத்துட்டு நிக்கும். இவன் மட்டும் நடுத்தரையில இருந்து தூணுக்குத் தனியா நடக்கணும். அது எவ்ளோ தூரம்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாத விதியா? எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூடத் தெரியும். அழகில் மயங்கி மறந்திருக்கிறேன்.

"பாட்டுலயெல்லாம் 'ஒரே ஒரு நடனம்'னுதானே வருது..." என்று முனகினேன்.

"வரும். எழுதுறவனுக்கென்ன, அவனா தரையத் தாண்டுறான்?"

அதற்குப் பிறகு அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீடு மூன்றாவது மாடி. மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலிக்காரி வாராவாரம் மூச்சு வாங்காமல் ஏறி வருகிறாள்.

"யாருக்கா அவன்?"

"யாரா இருந்தா என்ன? மழ பெஞ்சிட்டு இருந்துச்சு. ஒரு பாட்டோட விட்டுட்டான். அவ்ளோதான்."

எழுந்துபோய்க் கட்டிப்பிடித்திருக்கலாம். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமில்லை. இன்னொரு ரொட்டியை அவள் தட்டில் வைத்தேன்.

6

ஆக, திருத்தியாக வேண்டும். ஆனால் ஆப்பு எங்கே அடிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐலா மேடைக்குப் போனால், தௌனோ ஊர் பார்க்கத் தனியாகத் தரையைத் தாண்டுவான், பிறகு எந்தக் கூடத்துக்கும் வரமாட்டான். போகாவிட்டால், அடுத்து வாசிக்கவேண்டியது அவள் பாடியே தீரவேண்டிய பாட்டு. அதற்காகவே ஜனங்கள் தூரத்து ஊர்களிலிருந்து வந்திருக்கிறார்கள். மைக் காலியாக நிற்கும், அண்ணன் தலைகுனிவான், அவன் சொன்னதுபோலப் பாட்டு செத்தும் போகலாம்.

முடிவு அ: ரெய்யோ மனம் இரங்கி இன்னொரு வார்த்தையில்லாத டாங்கோவை வாசிக்கிறான்.

"இது கதையா? சிக்கல எறும்பு இழுத்துட்டுப் போன மாதிரி இருக்கு" என்றாள் அக்கா. சரிதான். அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: ரெய்யோ பாட்டைத் தொடங்க, கூட்டம் முழுவதும் ஆடிக்கொண்டே அதைப் பாடுகிறது.

"நம்மாளுங்களா? தரையில வாயத் தொறந்து பேசவே மாட்டானுங்க, பாடுவானுங்களாம்!"

முடிவு இ: ஐலா தரையிலேயே, மைக் இல்லாமல், தௌனோவின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பாடுகிறாள். மற்றவர்கள் அக்கார்டியனுக்கு ஆடுகிறார்கள், வார்த்தைகளைத் தாங்களே மனதுக்குள் —

இதைக் கேட்டு அக்கா ரொட்டியைப் பிய்ப்பதை நிறுத்தினாள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஏரி மூட்டம், காதில் பாட்டு... நானே ஒரு டாங்கோ எழுதிவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. அரைமனதாக வைத்திருக்கிறேன்.

முடிவு ஈ: தௌனோவே சொல்கிறான்: "நீங்க போங்க. மேட காத்துட்டிருக்கு."

எனக்கு மிகவும் பயம் தருவது இதுதான். ஏனென்றால் அவன் அப்படித்தான் சொல்வான். நான் எழுதாவிட்டாலும் சொல்வான்.

"சொல்லுவான்" என்றாள் மார்கெத்தா. "தனக்குன்னு கேக்கத் தெரியாதவன். அதனால அவன் சொல்றதுக்குள்ள நீ நிறுத்திடு. எனக்கு முடிவெல்லாம் வேண்டாம்டி. கைய மட்டும் விடாம எழுது."

7

நான்காம் பகுதிக் கதையின் கடைசிப் பத்தியைக் கிழித்துவிட்டேன். இனி இப்படி:

பாட்டு முடிந்தது. இது இரண்டு பாட்டுக்கு நடுவிலுள்ள இடைவெளி. எங்கள் ஊரில் இந்த இடைவெளியில் யாரும் பேசுவதில்லை, யாரும் போவதுமில்லை. ஜோடிகள் மூட்டத்தில் நின்றபடி நின்றன. மேடையில் மைக் தனியாக இருந்தது. ரெய்யோ அக்கார்டியனை விரித்துவிட்டான். காற்று உள்ளே நிறைந்துவிட்டது, விரல் கட்டையின் மேல் இருக்கிறது. அவன் தங்கையைப் பார்க்கிறான். ஐலாவின் கை தௌனோவின் கைக்குள் இருக்கிறது. தௌனோ வாயைத் திறக்கிறான். "நீங்க

இங்கே பேனாவை வைத்துவிட்டேன். அடுத்த சொல்லை நான் எழுதாதவரை அவள் கையை விட முடியாது.

அக்கா எழுந்துபோய்க் கோப்பைகளைக் கழுவுகிறாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவள் ஏதோ முனகுவது கேட்கிறது. எட்டிப் பார்த்தேன். கை பாத்திரத்தில் இருக்கிறது. வலது கால் பின்னுக்கு ஒரு அடி வைத்து, யாருக்கோ காத்திருந்து, திரும்பி வருகிறது.

"எழுதிட்டியாடி?" என்றாள் திரும்பாமலே.

"இல்லக்கா."

"சரி. அந்த ஏரிக்கரையில வர்ற சனிக்கிழம யாரு பாடுறாங்கன்னு பாத்து வை."

வாசகரே, மீதியை உங்களிடம் விடுகிறேன். பாட்டைக் கொல்லுங்கள், பிழைக்க வையுங்கள், மைக்கைத் தரைக்கு இறக்குங்கள், உங்கள் இஷ்டம். எனக்கும் என் அக்காவுக்கும் ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஐலா கையை விடத்தான் வேண்டுமென்றால், இரண்டாவது பாட்டும் முடிந்த பிறகு விடச் சொல்லுங்கள்.