பின்னணிச் சிரிப்பு

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் மறுபடியும் உதட்டைப் பிதுக்கினார். திரையில் நான்கு கிழட்டு நண்பர்கள், வாலிபத்தில் போடாத ஆட்டமெல்லாம் போட்டுவிட்டுப் பல வருடம் கழித்துக் கூடியவர்கள், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதில் தொப்பைக்காரருக்கு, இந்தப் பக்கம் மைக் முன்னால் நின்ற இவர்தான் பின்னணிக் குரல். வசனமெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. சிரிப்பில்தான் வந்தது வினை.

தொண்டையில் கத்தி வைத்த பிறகு இவர் ஒத்துக்கொண்ட முதல் படம் இது. பழையபடி பேசலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிரிப்பைப் பற்றி அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. யாருக்குத் தோன்றும்? இந்தத் தொழிலில் அவரவர் தனியாக வந்து தம் பங்கைப் பேசிவிட்டுப் போவார்கள். நாலு பேர் சிரிப்பையும் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். ஆளில்லாத அறையில் மைக்கைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஒரு காலத்தில் இவருக்கு அது தண்ணீர் பட்ட பாடு. இப்போது வாயைத் திறந்தால் துருப்பிடித்த கதவின் சத்தம்தான் வந்தது.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க," என்றது காதில் ஒலிப்பதிவாளரின் குரல். "டைரக்டர் இன்னொருத்தர வரச் சொல்லிட்டாரு. வெளியதான் உக்காந்திருக்காரு. கடைசியா ஒரு தடவ பாத்துடுவோம்."

சிரிப்பு போனால் மொத்தக் குரலும் கைமாறும். ஒரு முகத்துக்கு யார் இரண்டு குரல் வைப்பார்கள்? இந்தச் செய்தி பரவினால் அப்புறம் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் அந்த இன்னொருத்தர். பார்த்தால், வவ்வால். பகலெல்லாம் தூங்கி ராத்திரியெல்லாம் ஊர் சுற்றி அந்தப் பட்டப்பெயர் வாங்கியவர்; அந்தக் காலத்தில் இவரோடு ஒரே அறையில் குடியிருந்தவர். ஒரே வேடத்துக்கு இருவரும் குரல் கொடுக்கப் போட்டியிட ஆரம்பித்ததும் பேச்சு குறைந்து, ஒருநாள் நின்றே போயிருந்தது.

"பதிவு நடக்கும்போது உள்ள வரக்கூடாது, தெரியாதா?" என்றார் இவர்.

"தெரியும். தள்ளி நில்லுடா." வவ்வால் மைக்குக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு கண்ணாடியைப் பார்த்துக் கையசைத்தார். படம் ஓடத் தொடங்கியது. மெல்ல, குழைவான பெண் குரலில் அழைத்தார்: "ஏங்க... பால் பொங்குது, வாங்க."

அறையில் ஒன்றாக இருந்த காலத்தில், ஊர் சுற்றித் திரும்பிய ஒரு ராத்திரி சுவரேறிக் குதிக்கப் போய், கால்சட்டை கம்பியில் மாட்டி, அந்தரத்தில் தொங்கினார் இவர். கீழே வீட்டுக்காரர் கம்போடு நின்றார். இருட்டுக்குள்ளிருந்து வவ்வால் இப்படித்தான் வீட்டுக்காரம்மா குரலில் கூப்பிட்டார். மனிதர் கம்பைப் போட்டுவிட்டு அடுப்படிக்கு ஓடினார். அந்தம்மா ஊருக்குப் போய் ஒரு வாரமாகியிருந்தது.

முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தொண்டையில் இடறி, உடைந்து, கண்ணில் நீரோடு கொட்டியது சிரிப்பு. பழைய சிரிப்பு இல்லை. கொஞ்சம் கிழடு தட்டியது. திரையிலிருந்த தொப்பைக்காரருக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டிருந்த வவ்வாலும் தாங்கமாட்டாமல் வெடித்தார்.

"அண்ணே, வந்துடுச்சு. ஆனா ரெண்டு பேர் சிரிப்பு கேக்குது. பிரிக்க வராது," என்றார் ஒலிப்பதிவாளர். கொஞ்சம் யோசித்து, "இருக்கட்டும். படத்துல நாலு பேருதான சிரிக்கிறாங்க."

அப்பாடா என்று இவர் நாற்காலியில் சாய்ந்தார். பல மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பயம் எழுந்து போயிற்று.

"உன் வேலை போச்சேடா," என்றார்.

"போனா போகுது. எனக்குன்னு ஒரு தொப்பைக்காரன் பொறக்காமயா இருப்பான்?"

வவ்வால் கதவுப் பக்கம் திரும்பியதும், இவர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். பதிவைத் திரும்பப் போட்டார்கள். இருந்தது ஒரே ஹெட்போன். அதன் ஒரு காதை இவரும் மறு காதை அவருமாக அழுத்திக்கொண்டு, தலையோடு தலை முட்டக் கேட்டார்கள்.