வெயிலில் வைத்த டப்பா

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்ததும் விளக்கு எரிகிறது, தோசை மாவுக்கும் தயிருக்கும் நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் தண்ணீர் லேசாக அசைகிறது, கழுத்துக்கு இருபுறமும் சிவப்பு இறகு மாதிரி விரிந்த செவுள்கள் ஒரு தடவை சிலிர்த்து அடங்குகின்றன, உயிரோடுதான் இருக்கிறது பஞ்சு, என் கண்ணோ அதைப் பார்த்த கையோடு டப்பாவின் மூலைக்குப் போகிறது, அங்கே மஞ்சள் இருக்கிறதா என்று, இந்த டப்பா கண்ணில் படும்போதெல்லாம் ஒரு வருடமாக எனக்கு இதே வேலை. பஞ்சும் பவளமும் என் மகள் நறுமுகை கல்லூரிக் காலத்தில் பாலித்தீன் பையில் கொண்டுவந்த இரண்டு ஆக்ஸலாட்டல்கள், மீனுமில்லை, பல்லியுமில்லை, தண்ணீருக்குள் நாலு காலால் நடக்கிற, எதற்கும் சிரித்த வாயாகவே இருக்கிற பிராணிகள், இதுங்களுக்கு சூடு ஆவாதுப்பா என்றாள், வேலூர்ல இருந்துகிட்டு சூடு ஆவாதா, நல்லா பார்த்து வாங்குன போ என்று நான் சிரித்தேன், அவள் கல்யாணமாகி டப்ளின் போய்விட்டாள், இவை எங்களிடம் தங்கிவிட்டன, பதிமூன்று வருடம், சித்திரை பிறந்தால் தொட்டியில் ஐஸ் பாட்டில் மிதக்கும், மின்வாரியத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டிய நானே கரண்ட் போனால் வாரியத்தைத் திட்டுவேன், புழுவும் மாவும் ஒரே ஃப்ரிட்ஜ்லயா, கருமம் என்று தலையில் அடித்துக்கொண்ட என் மனைவி சகுந்தலாதான் இடுக்கியில் மண்புழுவைப் பிடித்து, ஆ காட்டுடி தங்கம் என்று ஊட்டுவாள், இதோ இப்போதும் ஊட்டுகிற மாதிரியே தெரிகிறது, இல்லை, அப்படி வாங்கித் தின்றது பவளம், பவளம் போய்விட்டது.

போன வருடம் பவளத்தின் வயிறு வீங்கியது, செவுளில் நூல் ஒட்டியது போல வெள்ளைப் பூஞ்சை, கால்நடை டாக்டர் பெனாசிர் பார்த்துவிட்டு, தனியா டப்பால விட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க அங்கிள், தினம் தண்ணி மாத்துங்க, பாலும் சக்கரையும் இல்லாத டீத்தண்ணில பத்து நிமிஷம் விடுங்க என்றார், நான் அளவு பார்த்து டீ ஆற்றுவதைப் பார்த்து, எனக்கு ஒரு நாளாவது இப்படி போட்டுக் குடுத்திருக்கீங்களா என்றாள் சகுந்தலா. பிறகு அவள் ஆரணிக்கு வளைகாப்புக்குப் போன அன்று, வீட்டில் நான் மட்டும், பூஞ்சை குறையவே இல்லை, நம் வீட்டில் எந்தப் புண்ணுக்கும் முதலில் கை போவது மஞ்சள்தூளுக்குத்தானே, ஒரு சிட்டிகை போட்டேன், போதாது என்று இன்னொன்று, தண்ணீர் மஞ்சளாகி, பவளமும் மஞ்சளாகி, வாலை அடித்துக்கொண்டு துடித்தது, பதறிப்போய்த் தண்ணீரை மாற்றினேன், மூன்றாம் நாள் வயிறு மேலே தெரிய மிதந்தது, செம்பருத்திக்கு அடியில் புதைத்தோம், வயசாயிடுச்சுங்க என்று சகுந்தலா என்னைத் தேற்றினாள், மஞ்சள் போட்டதை நான் மறைத்துவிட்டேன். டப்பாவில் மட்டும் அந்த மஞ்சள், சபீனா பவுடர் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, பரணில் அட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒளித்தேன், பத்து நாள் கழித்து அது சமையலறை அலமாரியில் கண்ணாடி போல உட்கார்ந்திருந்தது, நான்தான் தேய்த்தேனா, கறையே கனவா, கேட்கவும் பயம், பவளம் நலங்கு வைத்த பெண்ணாட்டம் உடம்பெல்லாம் மஞ்சளோடு கனவில் வந்து என்னைப் பார்த்துச் சிரிக்கும், அதன் வாய் அப்படித்தான் என்று கனவிலும் எனக்குத் தெரியும், தெரிந்தும் அழுவேன்.

இந்தப் பங்குனியில் பஞ்சுவுக்கும் வயிறு வீங்கியது, அதே வீக்கம், சகுந்தலா அழுதாள், எனக்கு வந்தது நிம்மதி, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதி, இதற்கு நான் மஞ்சள் போடவில்லையே, போடாமலே வீங்குகிறதே, பதிமூன்று வருடம் வளர்த்த ஜீவன் நோயில் கிடக்கும்போது நிம்மதிப்படுகிறவன் என்ன மனிதன். டாக்டர் ஊசியால் நீரை எடுத்தார், கிட்னி அங்கிள், வயசானா வரும், பவளத்துக்கும் இதேதான் என்றார், ஏன் டாக்டர், யாராவது தெரியாம மஞ்சத்தூள் போட்டுட்டா, என்று நான் இழுத்தேன், எரியும் அங்கிள், போடக்கூடாது, ஆனா பவளத்துக்கு வயிறு வீங்கித்தானே எங்கிட்டயே கொண்டாந்தீங்க, அது அப்பவே முடியற நெலமைதான் என்றார், பக்கத்தில் சகுந்தலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பும்போது ஆட்டோவில், மடியில் டப்பாவோடு, சகுந்தலா, அன்னைக்கு நான்தான் என்று ஆரம்பித்தேன், தெரியும் என்றாள், மஞ்சக்கறை தேய்ச்சா போவுமா, வெயில்ல வச்சாதான் போவும், நாலு நாள் மாடில வச்சி எடுத்தேன், ஏன் என்னைக் கேக்கலை என்றேன், கேட்டா, எறங்குன கொஞ்ச சோறும் உங்களுக்கு எறங்கியிருக்காது என்றாள், நான் ஆட்டோவிலேயே அழுதேன், அவள் முந்தானையை நீட்டிவிட்டு, தண்ணி தளும்புது, டப்பாவ நேராப் பிடிங்க என்றாள், அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

இனி இருக்கிற வரைக்கும் குளிர்ச்சியா இருக்கட்டும், அவ்வளவுதான் என்றிருக்கிறார் டாக்டர், நேற்று ஒரு புழு தின்றது, கதவைத் திறக்கிறேன், விளக்கு எரிகிறது, செவுள்கள் சிலிர்த்து அடங்குகின்றன, பழக்கதோஷத்தில் கண் மூலைக்குப் போகிறது, மூலை சுத்தமாக இருக்கிறது, அதன் வழியே அந்தப் பக்கத்து தோசை மாவு தெரிகிறது, சித்திரை வெயிலில் நாலு நாள் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கிய அவள் கால்கள் தெரிகின்றன, எவ்ளோ நேரம் தொறந்து வச்சிருப்பீங்க, புள்ளைக்கு சூடு ஏறுது பாருங்க என்று பின்னாலிருந்து சகுந்தலா சத்தம் போடுகிறாள், சரி சரி என்று கதவை மூடிவிட்டு, அவளுக்கு ஒரு டீ போட அடுப்பைப் பற்றவைக்கிறேன், பாலும் சர்க்கரையும் சேர்த்து.